இயக்குநீர் அளவறிதல் முறைகள்

இயக்குநீர் அளவறிதல் என்பது மனித உடலின் குருதி, சிறுநீர், உமிழ்நீர் முதலியவற்றில் உள்ள இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) செறிவைக் கண்டறியும் ஆய்வகச் செயற்பாடு ஆகும். தைராய்டு குறைபாடு, கருவுறாமை, வளர்ச்சிக் குறைபாடு, அண்ணீரகச் சுரப்பி நோய்கள் போன்றவற்றை உறுதி செய்யவும், மருந்தின் அளவைத் திருத்தவும், பிறந்த குழந்தைகளில் மறைந்திருக்கும் குறைபாடுகளைக் கண்டறியவும் இது பயன்படுகிறது. கையில் கிடைக்கும் ஆய்வறிக்கையில் ஓர் எண்ணும் அதன் அருகே 'இயல்பு வரம்பு' என மற்றோர் எண் இணையும் மட்டுமே காணப்படும். அந்த எண் எம்முறையால், எந்நேரத்தில் எடுத்த மாதிரியிலிருந்து பெறப்பட்டது என்பதை அறியாமல் அதற்குப் பொருள் கூற இயலாது.

அளவறிதலில் உள்ள இடர்

குருதியில் உள்ள சர்க்கரையை அளப்பது எளிது. உணவு உண்ணாத நிலையில் ஒரு மில்லிலீட்டர் குருதியில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும். இயக்குநீர்கள் அவ்வாறல்ல. தைராய்டு சுரப்பி சுரக்கும் தைராக்சினில் பெரும்பகுதி குருதிப் புரதங்களோடு பிணைந்திருக்கும். ஏறத்தாழ 0.03 விழுக்காடே கட்டற்று உலவும். உயிரணுக்களுக்குள் சென்று வேலை செய்வது இந்தச் சிறு பகுதியே. இதன் செறிவு ஒரு மில்லிலீட்டருக்குச் சுமார் 10 பிக்கோகிராம், அதாவது சர்க்கரையை விடப் பத்துக் கோடி மடங்கு குறைவு. 10 எக்டேர் பரப்பும் 1 மீட்டர் ஆழமும் கொண்ட ஓர் ஏரியில் ஒரு கிராம் பொருளைக் கரைத்தால் கிடைக்கும் செறிவு இதுவே. ஏரி நீரில் அந்த ஒரு கிராம் மட்டும் கரைந்திருக்கவில்லை, அதைப்போன்ற வடிவுடைய வேறு பொருள்களும் பெருமளவில் கலந்துள்ளன. அவற்றுக்கிடையே தேடும் பொருளை மட்டும் பிரித்தறிய வேண்டியுள்ளது. வழக்கமான வேதி வினைகள் இங்குப் பயன்படுவதில்லை.

உயிரிகள் வழியாக அளத்தல்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயக்குநீரை நேரடியாக அளக்க வழியில்லாததால் அதன் விளைவை விலங்குகளில் அளந்தனர். 1920களின் இறுதியில் செருமனியில் ஆசுகைம், சோண்டக் ஆகிய இருவரும் கருவுற்ற பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்குள் செலுத்தினால் அவற்றின் சூலகங்கள் முதிர்வதைக் காட்டினர். பின்னர் முயல்களும், ஆப்பிரிக்க நகத்தவளைகளும் இதே நோக்கத்திற்குப் பயன்பட்டன. தவளை முட்டையிட்டால் பெண் கருவுற்றிருக்கிறார் என்று பொருள். எலியையும் முயலையும் கொன்று சூலகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. தவளையை மீண்டும் பயன்படுத்த முடிந்தது.

இம்முறைகள் மறைந்துவிட்டாலும் அவற்றின் தடம் இன்றைய அறிக்கைகளில் எஞ்சியுள்ளது. தைராய்டு தூண்டு இயக்குநீர் (டி.எஸ்.எச்), இன்சுலின் போன்றவை பெரும்பாலும் எடையில் அல்லாமல் 'பன்னாட்டு அலகு' என்பதில் தரப்படுகின்றன. அலகு என்பது தொடக்கத்தில் ஓர் உயிரியில் உண்டாகும் விளைவைக் குறித்தது. எடுத்துக்காட்டாக, இன்சுலினின் அலகு ஒரு முயலின் குருதிச் சர்க்கரையை எவ்வளவு தாழ்த்துகிறது என்பதைக் கொண்டே முதலில் வரையறுக்கப்பட்டது.

கதிரியக்க எதிர்ப்பு அளவறிதல்

இத்துறையின் திருப்புமுனை ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பிராங்க்சு பகுதியில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நிகழ்ந்தது. இயற்பியலாளரான ரோசலின் யாலோவும் மருத்துவரான சாலமன் பெர்சனும் அங்கே கதிரியக்க அயோடின் ஏற்றப்பட்ட இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தி அது எவ்வளவு விரைவில் மறைகிறது என்று பார்த்தனர். நீரிழிவு நோயாளிகளின் உடல் இன்சுலினை மிக விரைவாகச் சிதைப்பதே நோய்க்குக் காரணம் என்று அப்போது ஒரு கருத்து இருந்தது. ஆய்வில் கிடைத்ததோ இதற்கு நேர்மாறான விடை. ஏற்கனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் குருதியில் அது நெடுநேரம் தங்கியது. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்ட அந்த இன்சுலினுக்கு எதிராக அவர்கள் உடல் பிறபொருளெதிரிகளை உருவாக்கியிருந்தது. அவையே இன்சுலினைப் பிடித்து வைத்திருந்தன. இவ்வளவு சிறிய புரதம் பிறபொருளெதிரியைத் தூண்டாது என்று அக்காலத்தில் நம்பியதால், அவர்களின் கட்டுரையை ஆய்விதழ்கள் முதலில் ஏற்க மறுத்தன. 'இன்சுலின் பிறபொருளெதிரி' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து நீக்கிய பிறகே 1956-இல் அது வெளிவந்தது.

பிறபொருளெதிரி இன்சுலினைப் பிடிக்கும் என்றால், அதையே இன்சுலினை அளக்கும் கருவியாகக் கொள்ளலாம் என்பது அடுத்த படி. இதன் அடிப்படையைக் கல்யாணப் பந்தியைக் கொண்டு விளக்கலாம். பந்தியில் நூறு இலைகள் மட்டுமே உள்ளன. சிவப்புச் சட்டை அணிந்த நூறு பேர் காத்திருக்கிறார்கள். வேறு எவரும் வராவிட்டால் அனைத்து இலைகளிலும் சிவப்புச் சட்டைகளே அமரும். வெள்ளைச் சட்டை அணிந்தோர் நூறு பேர் வந்து அவர்களோடு முண்டியடித்தால் ஏறத்தாழப் பாதி இலைகளில்தான் சிவப்புச் சட்டை இருக்கும். முந்நூறு பேர் வந்தால் கால் பங்குதான். ஆகவே அமர்ந்திருக்கும் சிவப்புச் சட்டைகளை மட்டும் எண்ணி, வெள்ளைச் சட்டையினர் எத்தனை பேர் வந்தனர் என்று கணக்கிட்டு விடலாம். இங்கே இலைகள் பிறபொருளெதிரிகள். சிவப்புச் சட்டையினர் கதிரியக்க அடையாளம் இட்ட இயக்குநீர். வெள்ளைச் சட்டையினர் நோயாளியின் குருதியில் உள்ள, அளவு தெரியாத இயக்குநீர். பிணைந்த பகுதியைத் தனியே பிரித்து, அதன் காமாக் கதிர்களை எண்ணி, அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு வரைந்த வளைகோட்டோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். இயக்குநீர் மிகுந்தால் சைகை குறையும் என்பது இம்முறையின் இயல்பு. இதைப் போட்டி முறை என்பர். பின்வரும் பிழைகளைப் புரிந்துகொள்ள இது நினைவில் இருத்தல் வேண்டும்.

1959, 1960 ஆம் ஆண்டுகளில் இம்முறை முழு வடிவில் வெளியிடப்பட்டது. நடுவயதில் தோன்றும் நீரிழிவு உடையவர்களின் குருதியில் இன்சுலின் இல்லாமல் போவதில்லை, பலரிடம் இயல்பாகவோ மிகுதியாகவோ கூட உள்ளது என்பது இதனால்தான் முதன்முதலில் தெரியவந்தது. யாலோவும் பெர்சனும் இதற்குக் காப்புரிமம் பெறவில்லை. பெர்சன் 1972-இல் காலமானார். யாலோவுக்கு 1977-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது. மறு பாதியைக் கில்லமின், சாலி ஆகியோர் பகிர்ந்துகொண்டனர்.

இந்தியாவில் இம்முறை

கதிரியக்க முறைக்குப் பெரும்பாலும் அயோடின்-125 என்னும் ஓரிடத்தான் பயன்படுகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 60 நாள்கள். எனவே கருவித்தொகுப்பை வாங்கி ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் தேங்கும் நாள்களிலேயே கதிரியக்கம் குறைந்துகொண்டிருக்கும். மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும், பின்னர் 1989-இல் அமைக்கப்பட்ட கதிரியக்க ஓரிடத்தான் தொழில்நுட்ப வாரியமும் இத்தொகுப்புகளை உள்நாட்டிலேயே உருவாக்கி மருத்துவமனைகளுக்கு வழங்கின. தைராய்டு ஆய்வு இந்தியாவில் பரவியதில் இதன் பங்கு பெரிது.

இம்மையத்தில் 1982-இல் ஆய்வகப் பணியாளராகச் சேர்ந்தவர் கோயம்புத்தூர் அருகே அப்பநாயக்கன்பட்டிபுதூரில் பிறந்த அ. வேலுமணி. தைராய்டு உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர் 1996-இல் தைரோகேர் நிறுவனத்தை மும்பையில் தொடங்கினார். சிற்றூர்களில் மாதிரியை மட்டும் எடுத்து, அதை இரவோடு இரவாக ஒரே மைய ஆய்வகத்துக்கு அனுப்பி அங்கே பெருந்தொகையாக ஆய்வு செய்தால் ஒரு சோதனைக்கான செலவு குறையும் என்பது இந்நிறுவனத்தின் அடிப்படைக் கருத்து.

இந்த ஏற்பாடு எல்லா இயக்குநீர்க்கும் பொருந்துவதில்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கண்டாச்சிபுரம் போன்ற ஓர் ஊரில் குருதி எடுத்துத் தொலைவில் உள்ள நகரத்துக்கு அனுப்புவதாகக் கொள்வோம். தைராக்சின் உறுதியான மூலக்கூறு. தெளிநீரைப் பிரித்துக் குளிரில் வைத்தால் வழியில் கெடாது. ஆனால் மூளையடிச் சுரப்பி சுரக்கும் அண்ணீரகத் தூண்டு இயக்குநீரைக் குருதியில் உள்ள நொதிகளே சிதைத்துவிடும். அதற்குரிய குழாயில் எடுத்து, உடனே பனிக்கட்டியில் வைத்து, விரைவில் பிரித்து உறைய வைக்க வேண்டும். பேருந்தில் வெயிலில் பயணம் செய்த மாதிரியில் அளவு பொய்யாகக் குறைந்திருக்கும். ஆய்வகம் எவ்வளவு சிறந்ததாயினும் இப்பிழையை அது திருத்த இயலாது.

கதிரியக்கம் இல்லாத முறைகள்

1971-இல் சுவீடனில் எங்வால், பெர்ல்மன் ஆகியோரும், நெதர்லாந்தில் வான் வீமன், சூர்சு ஆகியோரும் கதிரியக்கத்துக்கு மாற்றாக நொதியை அடையாளமாக இட்டனர். நொதி நிறமற்ற ஒரு பொருளை நிறமுள்ளதாக மாற்றும். அந்நிறத்தின் அடர்த்தியை அளந்தால் போதும். இம்முறை எலிசா என்று அறியப்படுகிறது. இதற்குப் பின் ஒளியை உமிழும் பொருள்கள் அடையாளமாயின. தமிழக ஆய்வகங்களின் அறிக்கைகளில் 'முறை: சி.எல்.ஐ.ஏ' என்று அச்சிடப்பட்டிருப்பது இந்த வேதியொளிர்வு முறையைக் குறிக்கும்.

அடையாளம் மாறியதை விட முக்கியமானது அமைப்பு மாறியது. ஒரு பிறபொருளெதிரி இயக்குநீரின் ஒரு முனையைப் பிடிக்க, அடையாளமிட்ட மற்றொன்று மறுமுனையைப் பிடிக்கும் அமைப்பு இடைச்செருகு முறை எனலாம். இதில் இயக்குநீர் மிகுந்தால் சைகையும் மிகும். 1975-இல் கோலர், மில்சுடைன் ஆகியோர் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உருவாக்கும் வழியைக் கண்டபின் இது பரவலாயிற்று. இரு முனைகளிலும் பிடிக்க இடம் வேண்டுமாதலால் இது பெரிய புரதங்களுக்கே பொருந்தும். தைராக்சின், கார்ட்டிசோல், டெசுட்டோசுத்தெரோன் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு இன்றும் போட்டி முறையே கையாளப்படுகிறது. ஆகவே ஒரே தைராய்டு அறிக்கையில் டி.எஸ்.எச் ஒரு வகையிலும் தைராக்சின் அதற்கு எதிரான வகையிலும் அளக்கப்படுகின்றன.

டி.எஸ்.எச் அளவறிதலில் இம்மாற்றம் பெரும் பயன் தந்தது. முதல் தலைமுறை முறைகளால் லீட்டருக்கு 1 முதல் 2 மில்லி அலகுக்குக் கீழே எதையும் அறிய முடியவில்லை. இயல்பான அளவே 0.4 முதல் 4 வரை என்பதால், அளவு குறைந்துள்ளதா, இயல்பாக உள்ளதா என்று கூற இயலாது. மிகை தைராய்டு நோயை இதனால் தனியே கண்டறிய முடியாது. இரண்டாம் தலைமுறை 0.1 வரையும், மூன்றாம் தலைமுறை 0.01 வரையும் இறங்கிய பின்னரே டி.எஸ்.எச் முதல் சோதனையாக ஏற்கப்பட்டது. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, வயது வந்தோரில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருப்பதைக் கண்டது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதற்கு முன் அது தெரியாது.

வீட்டில் செய்யும் கருவுறுதல் சோதனையும் இடைச்செருகு முறையே. நஞ்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி என்ற இயக்குநீர் பட்டையில் ஊர்ந்து சென்று, நுண்ணிய பொன் துகள் ஒட்டிய பிறபொருளெதிரியோடு கோட்டில் சிக்கிக்கொள்ளும். நாம் காணும் செந்நிறக் கோடு பொன் துகள்களின் நிறம். எச்.சி.ஜியின் ஆல்ஃபா கூறு டி.எஸ்.எச் முதலிய வேறு மூன்று இயக்குநீர்களிலும் ஒன்றே. 1972-இல் பீட்டா கூற்றை மட்டும் அடையாளம் காணும் முறை வந்த பின்னரே இச்சோதனை நம்பத்தக்கதாயிற்று.

நிறை நிறமாலையியல்

பிறபொருளெதிரி வடிவத்தைப் பார்த்துப் பிடிக்கிறது. ஒத்த வடிவுள்ள வேறு மூலக்கூறையும் அது சில வேளைகளில் பிடித்துவிடும். ஆண்களில் டெசுட்டோசுத்தெரோன் மிகுதியாக இருப்பதால் இப்பிழை பெரிதாகத் தெரியாது. பெண்களிலும் குழந்தைகளிலும் அளவு மிகக் குறைவாதலால் பிழையே அளவை விழுங்கிவிடலாம். நீர்ம நிறச்சாரலால் பிரித்து, மூலக்கூறை மின்னேற்றி உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி இதற்குத் தீர்வு தருகிறது. கருவியின் விலையும் அதை இயக்கத் தேவையான பயிற்சியும் இதைப் பெரிய ஆய்வகங்களுக்குள் நிறுத்தியுள்ளன.

ஓர் எண் ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் நிலைக்கு ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை தூத்தி சந்தின் வழக்கு எடுத்துக்காட்டு. 2011-இல் பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு பெண்கள் பிரிவுக்கு லீட்டருக்கு 10 நானோமோல் என டெசுட்டோசுத்தெரோன் வரம்பை விதித்தது. 2014-இல் தூத்தி விலக்கப்பட்டார். அவர் முறையிட்டதில் 2015 சூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியை நிறுத்தி வைத்தது. அளவீடு தவறு என்று மன்றம் கூறவில்லை. அந்த அளவால் எவ்வளவு ஆதாயம் கிடைக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. பின்னர் 2018-இல் சில ஓட்டங்களுக்கு 5 நானோமோல் எனவும், 2023-இல் அனைத்துக்கும் 2.5 எனவும் வரம்பு மாற்றப்பட்டு, 2025-இல் மரபணுச் சோதனை கொண்டுவரப்பட்டது.

மாதிரி எடுக்கும் நேரம்

கார்ட்டிசோல் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து நள்ளிரவில் மிகக் குறையும். பகலில் ஏதோ ஒரு வேளையில் எடுத்த அளவு பெரும்பாலும் பயனற்றது. வளர்ச்சி இயக்குநீர் விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரப்பதால் ஒற்றை அளவு எதையும் உணர்த்தாது. இத்தகையவற்றுக்குத் தூண்டல், ஒடுக்கல் சோதனைகள் செய்வர். அதாவது மருந்து கொடுத்துச் சுரப்பி எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறது என்று பார்ப்பர். நாள் முழுதும் சேர்த்த சிறுநீரையோ, நள்ளிரவு உமிழ்நீரையோ அளப்பதும் உண்டு.

பொய்யான அளவுகள்

முடி உதிர்வுக்காக மருந்துக்கடைகளில் விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் இன்று கவனிக்கத்தக்க இடையூறு. நாளொன்றுக்கு உடலுக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். பல கருவிகள் பயோட்டினையே பிறபொருளெதிரியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. குருதியில் பயோட்டின் மிகுந்தால் கொக்கி மாட்டும் இடங்கள் அடைபட்டுச் சைகை குறையும். இடைச்செருகு முறையில் டி.எஸ்.எச் பொய்யாகக் குறையும். போட்டி முறையில் தைராக்சின் பொய்யாக உயரும். இரண்டும் சேர்ந்து மிகை தைராய்டு நோயின் அச்சு அசலாகத் தோன்றும். சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள்களுக்கு முன் இம்மாத்திரையை நிறுத்தினால் போதும். ஆனால் வைட்டமினை மருந்தாக யாரும் கருதுவதில்லை என்பதால் மருத்துவரிடம் அதைச் சொல்வதும் இல்லை.

சிலரின் குருதியில் இயற்கையாகவே உள்ள பிறபொருளெதிரிகள் இயக்குநீர் இல்லாமலே இரு பக்கங்களையும் இணைத்துவிடும். 2000-இல் லான்செட் இதழில் வெளியான ஒரு கட்டுரை, இவ்வாறு எச்.சி.ஜி பொய்யாகக் கூடுதலாகக் காட்டியதால் இல்லாத புற்றுநோய்க்கு வேதிமருந்தோ அறுவையோ பெற்ற பெண்களைப் பற்றிக் கூறியது. இவ்விடையூறு சிறுநீரில் வருவதில்லை. ஒரு எளிய சிறுநீர்ச் சோதனையே ஐயத்தைத் தீர்த்திருக்கும்.

ஆய்வகங்களுக்கிடையேயான வேறுபாட்டைக் கண்காணிக்க வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஒரு புறத்தர உறுதித் திட்டத்தை நடத்துகிறது. நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரி அனுப்பப்படும். வந்த விடைகள் ஒரே முறையைக் கையாள்வோருக்குள் ஒப்பிடப்படும். வெவ்வேறு முறைகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது பொருந்தாது என்பதால்தான் இந்தப் பிரிவு. நோயாளிகளும் தொடர் சோதனைகளை ஒரே ஆய்வகத்தில் செய்துகொள்வது நல்லது.

பிறந்த குழந்தைகளில்

பிறவித் தைராய்டு குறைபாடு பிறந்தவுடன் பெரும்பாலும் வெளியே தெரியாது. குழந்தை பால் குடிக்கும், உறங்கும், எடை இயல்பாக இருக்கும். அறிகுறிகள் தெளிவாகும் காலத்துக்குள் மூளை வளர்ச்சி மீளமுடியாதவாறு பாதிக்கப்பட்டுவிடும். முதல் இரு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கினால் குழந்தை இயல்பாக வளரும். மாத்திரையின் விலை மிகக் குறைவு. எனவே நோயைக் காட்டிக்கொடுப்பது அளவறிதல் ஒன்றே.

குதிகாலில் குத்தி எடுத்த சில துளிக் குருதியை வடிதாளில் உலர்த்தி அனுப்பும் வழக்கம் 1960களில் வேறொரு நோய்க்காக அமெரிக்காவில் தோன்றியது. 1970களில் கனடாவின் கியூபெக்கில் தைராய்டுக்கு விரிவாக்கப்பட்டது. உலர்ந்த துளிக்குப் பனிக்கட்டி தேவையில்லை, அஞ்சல் உறையில் வைத்து அனுப்பலாம். 1980களில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கொச்சுப்பிள்ளை குழுவினர் இம்முறையில் தொப்புள்கொடிக் குருதியைச் சேகரித்து, உத்தரப் பிரதேசத்தின் கழலை மிகுந்த மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளிடையே தைராய்டு குறைவு தில்லியை விடப் பல மடங்கு மிகுதி என்று காட்டினர். உப்பில் அயோடின் சேர்ப்பதன் தேவைக்கு இது வலுவான சான்றாயிற்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. 1,130 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. தென்னிந்தியாவில் இது 727-இல் ஒன்று. மேலை நாடுகளில் கூறப்பட்டு வந்த அளவை விட இது மிகுதி.

இங்கும் நேரம் சிக்கலாகிறது. குழந்தை பிறந்த அரை மணி நேரத்தில் டி.எஸ்.எச் திடீரென 60 முதல் 80 வரை உயர்ந்து, பின் மெல்ல இறங்கும். முதல் நாளிலேயே குருதி எடுத்தால் நலமான குழந்தைகளும் நோயுற்றவையாகத் தோன்றும். 48 மணி நேரத்துக்குப் பின் எடுப்பதே முறை. இயல்பான பேறு முடிந்து தாயும் சேயும் அதற்கு முன்னரே வீடு திரும்பிவிட்டால் மாதிரி தவறிவிடும். அதனால் சில மருத்துவமனைகள் பிறந்த கணமே தொப்புள்கொடிக் குருதியை எடுக்கின்றன. அந்த உயர்வு தொடங்குவதற்கு முந்தைய நிலை அது என்பதால் வரம்பு எண் வேறு. ஐயத்துக்குரிய விடை வந்தால் குழந்தையை மீண்டும் அழைத்துச் சிரைக் குருதியில் டி.எஸ்.எச், கட்டற்ற தைராக்சின் இரண்டையும் அளந்து உறுதி செய்வர். பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண் சில வாரங்களில் கணவர் ஊருக்குச் சென்றுவிடுவதால், வடிதாள் அட்டையில் இரு முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் எழுதி வாங்குவது இத்திட்டங்களில் ஆய்வகப் பணிக்கு இணையான பணியாகும்.